அத்தை பார்த்த இரண்டு திகில் படங்கள்

கல்யாணமாகி ஆமத்தூருக்கு வந்த இரண்டாம் வருடம் நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டர், டைரி, வெடிப் பாக்கெட் லேபிள், காதுகுத்துப் பத்திரிகை என்று எது வந்தாலும் என் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் மிஷினுக்குப் போகும். விருதுநகரில் ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பதால் ஆங்கிலத் தாள்களும் எனக்கே வரும். அந்த வேலையில் தப்பைக் கண்டுபிடித்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கண்டுபிடிக்காமல் விட்டால் எல்லாரும் சொல்வார்கள்.

அந்த வருடம் புரட்டாசியில் சென்னைக் கம்பெனி ஒன்று டிவிடி உறைக்கு ஆர்டர் கொடுத்தது. ஒரே இயக்குநர் எடுத்த இரண்டு பழைய ஆங்கிலப் படங்கள். இரண்டும் கறுப்பு வெள்ளை. உறையின் பின்பக்கம் தமிழில் நாலு வரிக் கதைச்சுருக்கமும், ஓரத்தில் இயக்குநரின் சின்னப் படமும் வர வேண்டும். சாம்பிளுக்கு இரண்டு டிவிடியும் அனுப்பியிருந்தார்கள். தீபாவளி சீசன் நேரம். லேபிள் வேலை மலைபோலக் குவிந்து கிடந்தது. நான் உறையைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அச்சாகி, மடித்து, கட்டுக் கட்டி, லோடு ஏறிச் சென்னைக்குப் போன பிறகு போன் வந்தது. ‘உளவியல் திகில் படங்கள்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘உழவியல் திகில் படங்கள்’ என்று இருந்தது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உறையைக் கையில் கொடுத்தார்.

“ஏம்மா, உழவியல்னா விவசாயந்தான?”

“ஆமா சார்.”

“விவசாயத்துல என்னம்மா திகிலு?”

மானாவாரி நிலத்தில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. உறை மறுபடி அச்சானது. சாம்பிளைச் சென்னைக்காரர்கள் திருப்பிக் கேட்கவில்லை. மேனேஜர் இரண்டு டிவிடியையும் என் பக்கம் தள்ளினார்.

“நீயே வச்சுக்கம்மா. பாத்தா மறக்காது.”

இப்படித்தான் அந்த இரண்டு படங்களும் ஆமத்தூருக்கு வந்தன.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் வேறோர் அச்சகத்தில் மிஷின்மேன். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மிச்சம் அத்தை, அதாவது என் மாமியார். சின்ன வயதில் களை எடுக்கப் போனவர், மழை பொய்த்துப் பொய்த்து ஊரே பட்டாசுக்குப் போனபோது அவரும் போனார். காலையில் வேன் வரும், ஏறிப் போவார். சாயங்காலம் குதிகால் வெடிப்புவரை வெள்ளிப் பொடி ஏறித் திரும்புவார். எத்தனை தேய்த்தாலும் அது முழுசாகப் போகாது. வெயிலில் நடந்தால் அத்தையின் கால் மட்டும் மின்னும்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளை ஒரு மாதம்போல மூடிவிடுவார்கள். அத்தைக்கு வருடத்தில் கிடைக்கிற ஒரே லீவு அதுதான். அவருக்கு லீவு ஒத்துக்கொள்ளாது. முதல் நாள் வீட்டைக் கழுவினார். இரண்டாம் நாள் துணியெல்லாம் துவைத்தார். மூன்றாம் நாள் துவைத்ததையே மறுபடி துவைக்க எடுத்தபோது, நான் ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தேன்.

“அத்தே, படம் பாக்கலாமா? இங்கிலீஷ் படம்.”

“எனக்கு என்ன புரியும்?”

“நான் சொல்லுதேன்.”

“அப்ப சரி. கீர உருவணும். உருவிக்கிட்டே பாக்கேன்.”

வெளியே தூறல். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினேன். அத்தை முருங்கைக் கீரைக் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தார். பெயர் போட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டார்.

முதல் படத்தின் கதை இது. டைப் அடிக்கிற ஒரு பெண் வெளியூரில் வேலை கிடைத்து ஒரு வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியேறுகிறாள். வீட்டுக்காரர் வயதானவர், மனைவி இல்லாதவர், ரொம்ப மரியாதையானவர். அவள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் அறையில் ஏதாவது ஒரு சாமான் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. சீப்பு, டம்ளர், செருப்பு. தனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று அந்தப் பெண் பயப்பட ஆரம்பிக்கிறாள். செத்துப்போன தன் மகள்தான் திரும்பி வந்திருக்கிறாள் என்று அந்த மனிதர் நம்புகிறார், மகளின் அறை எப்படி இருந்ததோ அப்படியே ஒவ்வொரு சாமானாக நகர்த்தி வைக்கிறார் என்பது ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

அத்தைக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

“அந்தக் கெழவன்தான்.”

“எப்படிச் சொல்லுதீக?”

“வாய் சிரிக்கி, கண்ணு சும்மா இருக்கு. எங்க கம்பெனில முன்ன ஒரு போர்மேன் இப்படித்தான் சிரிப்பாரு. அன்னைக்கு யாராவது ஒருத்திக்கு வேல போயிரும்.”

அதற்குப் பிறகு நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. பேசுவதைப் பார்த்தாலே யார் பொய் சொல்கிறார்கள் என்று அத்தை சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பெண்ணின் சிநேகிதி பொய் சொல்கிறாள் என்றார். சொன்னாள். போலீஸ்காரர் நல்லவர், ஆனால் மந்தம் என்றார். அப்படித்தான் இருந்தார். நான் மூன்று வருடம் இலக்கியம் படித்தவள். எனக்குக் கடைசிவரை அந்தச் சிநேகிதிமேல் சந்தேகம் வரவில்லை.

கடைசியில் கிழவர் கத்தியோடு மாடிப்படி ஏறுகிற காட்சி. சத்தமே இல்லை. படி மட்டும் கிறீச்சிடுகிறது. நான் தலையணையை முகத்துக்குக் கொண்டுபோனேன். அத்தை கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“பயமா இல்லையா அத்தே?”

“ஒத்த ஆளு. வயசு அறுவது இருக்கும். இவ தள்ளுனா விழுந்துருவான். என்னத்துக்குக் கத்துதா?”

அவள் தள்ளவில்லை. கீழே இருக்கிற சாமான் அறைக்கு ஓடி ஒளிந்தாள். கிழவர் கத்தியைப் படியில் வைத்துவிட்டு, ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு அவளைத் தேடி உள்ளே போனார். அந்த அறையில் வைக்கோல் அடைத்த பெட்டிகளும், சுவரோரமாக எண்ணெய் டின்களும் அடுக்கியிருந்தன. அத்தை அப்போதுதான் கீரையைக் கீழே போட்டார்.

“ஏலே, வத்திய வெளிய வைலே!”

கிழவர் உள்ளே நடந்தார். மெழுகு உருகி டின்மேல் சொட்டியது. அத்தை எழுந்து நின்றுவிட்டார்.

“வைலேங்கேன்! அங்கன எண்ண இருக்குல்ல! கண்ணு தெரியலையா ஒனக்கு?”

என் வீட்டுக்காரர் அலறிப் புடைத்து எழுந்து, எங்கே தீ என்று கேட்டார். டிவியில் என்றேன். அவரும் பார்த்தார். பத்தாவது முடித்ததும் இரண்டு வருடம் பட்டாசு வேலைக்குப் போனவர்தான் அவர். அந்த மெழுகுவத்தியைப் பார்த்ததும் அவருடைய கால் தானாகத் தரைக்கு வந்தது. இயக்குநர் தன் திறமையை எல்லாம் அந்தக் கத்தியில் காட்டியிருந்தார். எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை. இரண்டு பேரும் மெழுகுவத்தியை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகும் அத்தை உட்காரவில்லை.

“அந்த வத்திய யாரு அமத்துனா?”

“அதக் காட்டல அத்தே.”

“காட்டலேன்னா? அப்படியேவா விட்டுட்டுப் போனானுக?”

அன்றைக்கெல்லாம் அதே பேச்சுதான். பயந்தது நான் ஒருத்திதான். மறுநாள் காலையில் சமையலறையில் சாதக்கரண்டி வைத்த இடத்தில் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் அதை வைத்து டிவிடி பிளேயரின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தார். டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டதாம்.

அடுத்த ஞாயிறு அத்தையே கேட்டார். “இன்னொண்ணு இருக்கே, அதப் போடு.” இந்தத் தடவை சின்ன வெங்காயம் வைத்திருந்தார். உறையிலிருந்த இயக்குநரின் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “இவருக்கு யாரு மேலயோ கோவம்” என்று சொல்லிவிட்டு உறையைக் கீழே வைத்தார்.

இரண்டாவது படத்தில் கத்தி இல்லை, கொலை இல்லை. மலைப்பாதை முச்சந்தியில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே வேலை பார்க்கிறவன்தான் கதாநாயகன். பனி மூடிய ஒரு நாள் ஒரு கார்க்காரர் வந்து வழி கேட்கிறார். இவனுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை, எரிச்சல். ஆளை அனுப்பிவிட்டால் போதும் என்று ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டுகிறான். அந்தப் பக்கத்துப் பாலம் உடைந்து கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அந்த நிமிடம் நினைப்பில் இல்லை. கார் விழுந்து ஆள் செத்துப்போகிறார். இவன் கை காட்டியது யாருக்கும் தெரியாது. ஆனால் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. செத்தவருடைய ஊரைத் தேடிப் போகிறான். அவர் மனைவியின் வீட்டில் கூரை ஒழுகுகிறது. கூரை வேய்கிறவன் என்று பொய் சொல்லி உள்ளே நுழைகிறான். ஒரு வேலை முடிந்ததும் இன்னொரு வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொள்கிறான். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கிறான். ஒவ்வொரு நாளும் ஆணி வேண்டும், பலகை வேண்டும் என்று வேறு ஏதாவது கேட்கிறான். அவளுக்கு மெல்லமெல்ல அவன்மேல் சந்தேகம் வருகிறது.

அத்தை வெங்காயம் உரிப்பதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. “இப்ப என்ன சொன்னான்?” என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தேன். முதல் படத்தில் ஒரு தடவைகூட அவர் அப்படிக் கேட்டதில்லை.

“ஆணி தீந்துபோச்சுங்கான்.”

“அவ?”

“நாளைக்கு வாங்கி வைக்கேங்கா.”

“இப்ப?”

“ஒண்ணும் சொல்லல அத்தே. சும்மா பாக்கான்.”

அத்தை எழுந்து கொல்லைப்புறம் போனார். வருவார் என்று படத்தை நிறுத்தி வைத்துக் காத்திருந்தேன். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. பாத்திரமெல்லாம் காலையிலேயே தேய்த்துக் கவிழ்த்தவை. மிச்சத்தை நான் தனியாகப் பார்த்தேன். கடைசிவரை அவன் சொல்லவில்லை. ஒரு விடிகாலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி முச்சந்திக்கே திரும்பிவிடுகிறான். இன்னொரு கார் வந்து நிற்கிறது, வழி கேட்கிறார்கள். அவனால் கையைத் தூக்க முடியவில்லை. அதோடு படம் முடிந்தது. நன்றாக எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

இரண்டு நாள் அத்தை என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேட்டார்.

“கடைசில அவகிட்டச் சொன்னானா?”

எதைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“இல்ல அத்தே. சொல்லல.”

“ஏன்?”

கல்லூரியில் படித்தது எனக்கு அப்போதுதான் உதவிக்கு வந்தது. குற்ற உணர்ச்சி மனிதனை என்ன செய்யும், அது எப்படிப் பேச்சைக் கட்டிப்போடும் என்றெல்லாம் ஐந்து நிமிடம் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் இல்லத்தா. நாளாயிருச்சு. மொத நாளே சொல்லியிருக்கணும். நாளாயிட்டா வாய் வராது.”

பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னார். நடுவில் உலையைப் பார்த்தார், அரிசி கழுவினார். ஒரு இடத்திலும் குரல் மாறவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தை வேறொரு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்தை அடைத்து இறுக்கிக் கிட்டிக்கிற அறையில் இருந்தார். மருந்து நெடியில் மூன்று நாளாகத் தலைவலி. அத்தையின் சிநேகிதி ஒருவர் பேக்கிங் ஷெட்டில் இருந்தார். நாரணாபுரத்துக்காரர். வேம்பு நிழலில் காற்று வருகிற ஷெட் அது. அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அத்தை அவரிடம் போய், “போர்மேன் ஒன்னய என் ரூமுக்குப் போகச் சொன்னாரு, என்னய இங்க இருக்கச் சொன்னாரு” என்றார். போர்மேன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சிநேகிதி எதுவும் கேட்காமல் சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனார். அரைமணி நேரத்தில் அந்த அறை வெடித்துப் போய்விட்டது. உள்ளே இருந்த இரண்டு பேர் செத்தார்கள். சிநேகிதி வாசல் பக்கம் இருந்ததால் பிழைத்தார். வலது கையும் கழுத்தும் வெந்து, நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“போய்ப் பாத்தீகளா அத்தே?”

“இல்ல.”

“ஒரு தடவகூடவா?”

“மொத வாரம் போகணும்னு கெளம்புனேன். பஸ்டாண்டு வரைக்கும் போனேன். அடுத்த வாரம் போவோம்னு வந்துட்டேன்.”

அந்த அடுத்த வாரம்தான் பன்னிரண்டு வருடமாக நீண்டுவிட்டது. எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. மழை நாளில் நானும் சிலசமயம் அத்தையின் கம்பெனி வேனில் தொற்றிக்கொண்டு போவேன். நாரணாபுரம் வரும்போது அத்தை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வார். தூசி என்பார். மழைக்காலத்திலும் தூசி என்பார். நான் நம்பியிருந்தேன்.

“போவமா அத்தே?” என்றேன்.

அத்தை சோற்றை வடித்தார். கஞ்சி முழுவதும் வடிந்து தீரும்வரை பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயும் வந்தா போவோம்.”

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். சிவகாசியில் இறங்கி அரைக் கிலோ காரச்சேவு வாங்கினோம். கடையில் நின்றுகொண்டு இனிப்பா காரமா என்று அத்தை ரொம்ப நேரம் யோசித்தார். இப்படி ஒரு காரியத்துக்கு எதை வாங்கிப் போவது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கடைசியில் கடைக்காரர்தான் காரம் என்று முடிவு செய்தார்.

நாரணாபுரத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வடைக்காரம்மா வீடு என்றதும் காட்டிவிட்டார்கள். வீட்டை ஒட்டித் தகரம் இறக்கி, அதன் கீழ் அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் இருந்தன. அடுப்பு இன்னும் மூட்டவில்லை. பலகையில் உட்கார்ந்து ஓர் அம்மா பருப்பு கழுவிக்கொண்டிருந்தார். வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன. இடது கையால் அரித்து, வலது கையால் பாத்திரத்தை அணைத்துப் பிடித்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். பருப்பைக் கீழே வைக்கவில்லை.

“வந்துட்டியா?” என்றார்.

அத்தை நின்றுகொண்டே சொன்னார். வாசலில் வைத்தே, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஒரே மூச்சில்.

“அன்னைக்கு போர்மேன் சொல்லல. நாந்தான் பொய் சொன்னேன். தல வலிச்சுச்சு. அதனால சொன்னேன்.”

“தெரியும்” என்றார் அந்த அம்மா.

அத்தை என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்?

“போர்மேன் ஆஸ்பத்திரிக்கு வந்தாருல்ல. என்னத்துக்குய்யா என்னய ரூம் மாத்துனீகன்னு கேட்டேன். நான் யாரையும் மாத்தலையேன்னு முழிச்சாரு. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏண்டி ஆளனுப்பிக் கேக்கல?”

“நீ வந்தா கேக்கணும்னு இருந்தேன். நீதான் வரல.”

எனக்கு அங்கே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன்.

“ஆஸ்பத்திரில கெடந்தப்போ தெனமும் வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். வரட்டும், வந்ததும் நல்லா நாலு வார்த்த கேப்போம்னு. என்னென்ன கேக்கணும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். இப்பப் பூராவும் மறந்துபோச்சு.” பருப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு முறத்தை அத்தை பக்கம் தள்ளினார். “உக்காரு. அந்த வெங்காயத்த உரி. நாலு மணிக்குள்ள வடை போடணும். மழைக்கு நல்லா ஓடும்.”

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மன்னித்தேன் என்று அவரும் சொல்லவில்லை, மன்னித்துவிடு என்று இவரும் கேட்கவில்லை. நிறைய வெங்காயம் இருந்தது. மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் எவ்வளவு வெங்காயத்தால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

பாதி முறம் தீர்ந்தபோது அந்த அம்மா கேட்டார். “பன்னெண்டு வருசமா வராதவ இன்னைக்கு என்ன திடீர்னு?”

“ஒரு படம் பாத்தேன்.”

“படமா?”

“இங்கிலீஷ் படம். இவதான் போட்டுக் காட்டுனா.”

“என்ன கத, சொல்லு.”

அத்தை சொல்ல ஆரம்பித்தார். நன்றாகவே சொன்னார். பனி மூட்டத்தை நம்ம ஊர் மார்கழிப் பனி மாதிரி என்றார். பெட்ரோல் பங்கில் வேலை பார்ப்பவன் நல்லவன்தான், அன்றைக்கு அவனுக்குத் தலைவலி என்றார். படத்தில் அவனுக்குக் காய்ச்சல். நான் திருத்தவில்லை. கூரை வேய்கிற இடம்வரை எல்லாம் சரியாக வந்தது. அதற்குப் பிறகு அத்தை படத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

“அப்புறம் ஒரு நா, ஆணி அடிச்சுக்கிட்டு இருந்தவன் கீழ எறங்கி வந்து, ஒம் புருசன் செத்ததுக்கு நாந்தான் காரணம்னு சொல்லிட்டான்.”

“சொல்லிட்டானா?”

“சொல்லிட்டான்.”

“அவ என்ன செஞ்சா?”

அத்தை ஒரு வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

“அறஞ்சா.”

“எத்தன?”

“ஒண்ணு.”

“ஒண்ணுதானா?” அந்த அம்மா அதை மனதுக்குள் எடை போட்டுப் பார்ப்பதுபோல இருந்தார். “அப்புறம்?”

“அப்புறம் சோறு போட்டா. அம்புட்டுத்தான் படம்.”

“நல்ல படந்தான்” என்றார் அந்த அம்மா. “ஆனா அவ மொதல்லயே சோறு போட்டிருக்கக் கூடாது. ஒரு வாரமாவது காயப் போட்டிருக்கணும்.”

உறையின் கதைச்சுருக்கத்தை எழுத்து எழுத்தாகப் படித்தவள் நான்தான். அதில் ஓர் எழுத்துப் பிழைக்காக அச்சகமே இரண்டு நாள் என்னைப் பார்த்தது. இங்கே அத்தை ஒரு படத்தின் முடிவையே மாற்றிவிட்டார். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

நாலு மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். முதல் ஈட்டு வடையில் ஆளுக்கு இரண்டு கொடுத்தார். சுடச்சுட இருந்தது. காரச்சேவை வாங்கி உள்ளே வைத்தார், பிரிக்கவில்லை. கிளம்பும்போது, போய்விட்டு வருகிறேன் என்று அத்தை சொன்னபோது அவர் அடுத்த ஈட்டைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் தெருமுனைக்குப் போன பிறகு சத்தமாகக் கேட்டார்.

“அடுத்த ஞாயித்துக்கெழம வருவியா? பெரிய வெங்காயம் வாங்கி வைக்கேன். சின்னது உரிச்சு மாளல.”

அத்தை போனார். கம்பெனி திறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், என்ன பேச்சு, வேலைதான் என்பார். ஒரு ஞாயிறு ஏதோ சண்டை வந்து இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாம் வாரம் காலையிலேயே கிளம்பிவிட்டார். அந்தச் சண்டை எதற்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பழைய விஷயமாக இருக்காது, வடையில் உப்பு விஷயமாக இருக்கும் என்பது என் வீட்டுக்காரரின் கணிப்பு.

அடுத்த வருடம் எனக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். அந்த அம்மா முதல் தடவையாக ஆமத்தூருக்கு வந்தார். பட்டுச்சேலை உடுத்தி, கை நிறையக் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தார். ஒட்டிய மூன்று விரலால் என் கையைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். ஒரு வளையல்கூட உடையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, “நீங்க அத்தைக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“ஒரே கம்பெனில இருந்தோம்” என்றார் அத்தை.

“இவ ஒரு தடவ என்னய ரூம் மாத்திவிட்டா” என்றார் அந்த அம்மா.

கேட்டவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். அத்தை என் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது, பிறகு அடுத்த கன்னத்துக்குப் போனது. உள்ளேயிருந்து யாரோ, புளிச்சோறு தீரப்போகுது, தக்காளிச்சோத்து அண்டாவத் தெறக்கவா என்று கேட்டார்கள். அத்தையும் அந்த அம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்து, திறக்க வேண்டாம், இருக்கிறதைப் பார்த்துப் போடச் சொல் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள்.